குளிக்காத நேரத்துக்கும் காசு: பைலட் சுடரா, பேட்டரியா, கரண்டா?

மார்கழி நெருங்கினால் சென்னையில் கீசர் விற்பனை சூடுபிடிக்கும். காஸ் கீசரா, கரண்ட் கீசரா என்ற கேள்வியும் கூடவே வரும். பலரும் ஒரு வாளித் தண்ணீர் சுட எவ்வளவு ஆகும் என்பதை வைத்தே கணக்குப் போடுகிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு அது சின்னச் செலவு. யாரும் குளிக்காத நேரத்தில் அந்தச் சாதனம் எவ்வளவு தின்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

முதலில் குளியல். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் 27 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 20 லிட்டரை 42 டிகிரிக்குக் கொண்டுவர 0.35 யூனிட் வெப்பம் போதும் (கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான்; காஸ் வெப்பத்தையும் அதிலேயே அளக்கிறேன்). நான்கு பேர் குளித்தால் நாளைக்கு 1.4 யூனிட். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பைலட் சுடர். பழைய வகை காஸ் பாய்லர்களிலும் வாட்டர் ஹீட்டர்களிலும் பெரிய பர்னரைப் பற்றவைப்பதற்காக ஒரு குட்டிச் சுடர் இரவு பகலாக எரிந்துகொண்டே இருக்கும். அதன் நுனியில் இருக்கும் தெர்மோகப்பிள், சுடரின் சூட்டில் சில மில்லிவோல்ட் மின்சாரம் உண்டாக்கி காஸ் வால்வைத் திறந்து வைத்திருக்கிறது. சுடர் அணைந்தால் வால்வு தானே மூடிக்கொள்ளும். பற்றவைக்கும்போது குமிழைச் சிறிது நேரம் அழுத்திப் பிடிக்கச் சொல்வது அந்த முனை சூடாவதற்காகத்தான். நல்ல பாதுகாப்பு ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் விலை?

சுடருக்குச் சுடர் அளவு மாறும். 100 வாட் முதல் 300 வாட் வரை சாதாரணம். நடுவில் 200 வாட் என்று எடுத்தால் நாளைக்கு 4.8 யூனிட் வெப்பம். நான்கு பேர் குளியலுக்கு வேண்டியதைப் போல மூன்று மடங்குக்கும் மேல்! ஒரு கிலோ எல்பிஜியில் ஏறத்தாழ 12.7 யூனிட் வெப்பம் இருக்கிறது. அப்படியானால் மாதம் 11 கிலோவுக்கு மேல் சுடருக்கே போகிறது. 14.2 கிலோ சிலிண்டரில் மிஞ்சுவது மூன்று கிலோதான். சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்தால், மாதம் 720 ரூபாய். சுடர் பாதி அளவுதான் என்றாலும் 360 ரூபாய். குளிர்நாட்டில் அந்தச் சூட்டில் ஒரு பங்காவது பனிக்காலத்தில் வீட்டுக்குள் தங்கிப் பயன்படும். நமக்கோ அது மின்விசிறியை இன்னும் வேகமாகச் சுற்றவைக்கும் கூடுதல் சூடு.

இன்று நம் கடைகளில் கிடைக்கும் காஸ் கீசர்களில் பெரும்பாலும் பைலட் இல்லை. டார்ச்சுக்குப் போடும் பெரிய பேட்டரி இரண்டு இருக்கும். குழாயைத் திறந்ததும் தண்ணீரின் அழுத்தத்தில் சுவிட்ச் இயங்கி, பொறி தட்டி, பர்னர் பற்றிக்கொள்ளும்; மூடினால் அணையும். காத்திருப்புச் செலவு என்பது எப்போதாவது மாற்றும் அந்த இரண்டு பேட்டரிகள் மட்டுமே. பர்னர் வெப்பத்தில் 80 சதவீதம் தண்ணீரில் ஏறுகிறது என்று கொண்டால் ஒரு குளியலுக்கு 2 ரூபாய் 20 காசு, நான்கு பேருக்கு மாதம் 265 ரூபாய்க்குள். மேல்மாடித் தொட்டிக்கும் கீசருக்கும் உயர வித்தியாசம் குறைவாக இருந்தால் அழுத்தம் போதாமல் இது பற்றாது. வாங்கும் முன் இதைக் கட்டாயம் பாருங்கள்.

கரண்ட் கீசருக்கும் ஒரு பைலட் சுடர் உண்டு, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். தொட்டிக் கீசரை நாள் முழுக்க ஆனில் விட்டால், சுவர் வழியே கசியும் வெப்பத்தை ஈடுகட்ட அது அவ்வப்போது தானே சூடேற்றிக்கொள்ளும். நல்ல கீசரில் நாளைக்கு அரை யூனிட் அளவு, பழையதில் ஒரு யூனிட் வரைகூடப் போகலாம். அரை யூனிட்டே ஒருவர் குளிப்பதற்கு வேண்டியதைவிட அதிகம். ஆனாலும் எரியும் பைலட்டோடு ஒப்பிட்டால் இது பத்தில் ஒரு பங்குதான்.

அதையும் தவிர்க்க வழி எளிது. 15 லிட்டர் கீசரை 27 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற 2 கிலோவாட் காயிலுக்கு 18 நிமிடம் போதும். பச்சைத் தண்ணீர் கலந்தால் 20 லிட்டர் வாளியில் ஒன்றரைக்குச் சற்று மேல் வரும். குளிக்கும் முன் போட்டு, குளிக்க நுழையும்போது அணைத்து, வீட்டில் எல்லோரும் அடுத்தடுத்துக் குளித்தால் மாதம் 50 யூனிட்டுக்குள் முடியும். யூனிட் 5 ரூபாய் என்றால் 250 ரூபாய். காஸ் கீசருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை. ஆனால் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளில், அதற்கு மேல் ஓடும் யூனிட்டின் விலை இந்த 5 ரூபாயைவிட மிக அதிகம். அங்கே காஸ் முந்துகிறது. குளிர்மாதங்களில் ஏசி ஓடாது என்பதால் பல வீடுகள் அந்தக் கோட்டுக்குக் கீழேயே இருக்கும். அவர்களுக்கு என் பரிந்துரை, நேரம் பார்த்துப் போடும் கரண்ட் கீசர்தான்.

பணக்கணக்கை மீறும் ஒரு விஷயமும் இருக்கிறது. காஸ் கீசரை மூடிய குளியலறைக்குள் மாட்டாதீர்கள். காற்றோட்டம் போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உருவாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உயிர் போகும். கீசர் வெளியே காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும், வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும். அபார்ட்மென்ட்டில் அப்படி ஓர் இடம் இல்லையென்றால் காஸ் கீசர் யோசனையையே விட்டுவிடுங்கள், எவ்வளவு மிச்சமானாலும் சரி.

பைலட் உள்ள பழைய ஹீட்டரை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், அதன் சுடர் எவ்வளவு தின்கிறது என்று தாங்களே சோதித்துப் பார்க்கலாம். ஆனால் இதற்காக வீட்டில் யாரும் இல்லாதபோது பைலட்டை எரியவிட்டுவிட்டுப் போக வேண்டாம். வீட்டில் இருக்கும் நாட்களிலேயே, அந்த ஹீட்டருக்கென்று தனிச் சிலிண்டர் இருந்தால், பர்னரைப் பயன்படுத்தாமல் மூன்று நாள் பைலட்டை மட்டும் எரியவிட்டு, முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஏறத்தாழ 1.1 கிலோ குறைந்திருந்தால் உங்கள் சுடர் 200 வாட் அளவு. குழாய் எரிவாயு வீடுகளில் எல்லா அடுப்பையும் அணைத்துவிட்டு, இரவு படுக்கும்போதும் காலையில் எழுந்ததும் மீட்டரைக் குறித்தால் போதும்.