டூடர் 58-ஆ, பெலாகோஸ் 39-ஆ?

மதியம் ஆனால் என் மணிக்கட்டு வீங்கும். சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் காலையில் சரியாக இருந்த செயின் சாப்பாட்டு நேரத்துக்குள் கையில் அச்சுப் பதித்துவிடும். கடைசியில் அந்த வீக்கம்தான் எந்த வாட்ச் என்று முடிவு செய்தது.

ஆர்ச்சர்ட் ரோடு கடையில் இரண்டையும் ஒரே தட்டில் வைத்தார்கள். சுவிஸ் வாட்ச் நிறுவனமான டூடரின் பிளாக் பே ஃபிஃப்டி எய்ட் (சுருக்கமாக 58), அதே டூடரின் பெலாகோஸ் 39. இரண்டும் 39 மில்லிமீட்டர், 200 மீட்டர் ஆழம் தாங்குபவை, தேதி இல்லாதவை. கையில் கட்டாவிட்டாலும் 70 மணி நேரம் ஓடும் என்பதால் வெள்ளி மாலை கழற்றி வைத்தாலும் திங்கள் காலை நிற்காது.

மனசு முதலில் போனது 58-இடம்தான். 2018-இல் வந்த ஸ்டீல் வாட்ச். பெயர் 1958 மாடலின் நினைவாக. கறுப்பு டயலில் அந்தப் பொன்னிற எழுத்து, அடடா! ஆனால் செயின் ஓரத்தில் ரிவெட் போலக் குமிழ்கள். அந்தக் காலத்தில் அவைதான் செயினைப் பிடித்திருந்தன, இதில் சும்மா அழகுக்கு. ஒருமுறை கண்ணில் பட்டதும் வேறெதுவும் தெரியவில்லை.

பெலாகோஸ் (2022) டைட்டானியம். கையில் வாங்கிப் பார்த்த மனைவி, "என்னங்க, இவ்ளோ காசுக்கு வெயிட்டே இல்ல?" என்றாள். விலையும் 58-ஐவிட அதிகம். அப்புறம்தான் கொக்கியைத் திறந்தேன். உள்ளே செயினை லேசாகத் தூக்கி நகர்த்தினால் போதும். ஐந்து நிலை, மொத்தம் 8 மில்லிமீட்டர், ஊசியும் வேண்டாம் குச்சியும் வேண்டாம். நான் பார்த்த 58-இல் இது இல்லை. விற்பனையாளர் செராமிக் பெசல் (டயலைச் சுற்றித் திருகும் வளையம்) பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார், நான் நகர்த்திக்கொண்டே இருந்தேன். வாங்கியது பெலாகோஸ்தான்.

மலேசியாவின் தியோமான் தீவில் கடலுக்குள் 18 மீட்டர் இறங்கியபோது பெசல் எண்கள் எல்லாமே மின்னின. 58-இல் ஒரு புள்ளி மட்டும்தான் மின்னும். டயலில் சிவப்பாக இருக்கும் 'பெலாகோஸ்' என்ற சொல் அந்த ஆழத்தில் சாம்பலாகிவிட்டது. தண்ணீர் சிவப்பைத்தான் முதலில் விழுங்கும்.

டைட்டானியத்தில் கீறல் சுலபமாக விழும், மேசை விளிம்பில் கையை வைக்கும் என் பழக்கத்துக்கு அது ஆகாது. செயின் அகலமும் 21 மில்லிமீட்டர். நான் சேர்த்து வைத்திருந்த 20 மில்லிமீட்டர் ஸ்ட்ராப்புகள் ஐந்தையும் மச்சினனுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் இப்போது 58 விலை விசாரித்துக்கொண்டிருக்கிறான்.