நான்கு வருடம் கழித்து: எங்கள் ஆய்வுத் தளத்தின் மெனு எப்படி இருக்கிறது?

எங்கள் ஆய்வுக் குழுவின் இணையதளத்தை முழுதாகப் பிரித்து மறுபடி அடுக்கி நான்கு வருடம் ஆகிறது. குழு நிலத்தடி நீரை ஆராய்கிறது. தளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எந்தப் பக்கம் எங்கே வர வேண்டும், மெனுவில் என்ன பெயர் இருக்க வேண்டும் என்பதை கார்டு சார்ட்டிங், ட்ரீ டெஸ்டிங் என்ற இரண்டு முறைகளை வைத்து முடிவு செய்தோம். அன்றைக்கே எழுதியிருந்தால் எல்லாவற்றையும் புகழ்ந்திருப்பேன். இப்போது எது தாங்கியது, எது தாங்கவில்லை என்று தெரியும்.

பழைய தளத்தின் மெனுவில் ஒன்பது பெயர்கள். அவற்றில் ஆறு, ஆய்வுத் திட்டங்களின் சுருக்கப் பெயர்கள். எங்களுக்கு அவை தினமும் வாயில் புழங்குபவை. வெளியாட்களுக்கு வெறும் எழுத்துகள். புதுத் திட்டம் வந்தால் மெனுவில் இன்னொரு பெயர் ஏறும், முடிந்த திட்டம் இறங்காது.

முதலில் கார்டு சார்ட்டிங். தளத்தில் இருக்கும் ஒவ்வொரு விஷயத்தையும் ஓர் அட்டையில் எழுதி, "உங்களுக்கு எது எதோடு சேரும் என்று தோன்றுகிறதோ அப்படிக் குவியுங்கள், குவியலுக்கு நீங்களே ஒரு பெயர் வையுங்கள்" என்று கொடுப்பது. இதற்கு 15 பேர் போதும் என்று இணையதளப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2004-இல் பரிந்துரைத்திருந்தார். அந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டோம். குழுவில் இருப்பவர்களைச் சேர்க்கவில்லை. மாணவர்கள், களப் பொறியாளர்கள், செய்தியாளர்கள் என்று வெளியிலிருந்தே அழைத்தோம். அது மிகச் சரியான முடிவு.

நாங்கள் ஆசையாக வைத்திருந்த 'வளங்கள்' என்ற தலைப்பு அன்றே விழுந்தது. அறிக்கை, வரைபடம், மென்பொருள் என எதில் சேர்ப்பது என்று தெரியாததையெல்லாம் அதற்குள் போட நினைத்திருந்தோம். ஒரு பொறியாளர் அந்தத் தலைப்பை எழுதியிருந்த அட்டையை எடுத்து, நிலத்தடி நீரின் இருப்பு பற்றிய அட்டையோடு சேர்த்து வைத்தார். நீரைப் பற்றிய தளத்தில் வளம் என்றால் நீர்வளம்தானே? அவர் படித்ததுதான் சரி. 'வெளியீடுகள்' என்ற சொல்லும் இப்படித்தான். சிலர் அதை ஆய்வுக் கட்டுரை என்று எடுத்துக்கொண்டார்கள், சிலர் பத்திரிகைச் செய்தி என்று. 'கட்டுரைகள்', 'செய்திகள்' என்று இரண்டாகப் பிரித்தபின் குழப்பம் போனது.

அப்புறம் ட்ரீ டெஸ்டிங். வண்ணம், படம் எதுவும் இல்லாமல் மெனுவின் கிளைகளை மட்டும் காட்டி, "இதைத் தேடுங்கள்" என்று ஒரு வேலை கொடுப்பது. பழைய மெனுவையும் புதியதையும் இப்படிச் சோதித்தோம். ஒரு மாணவியிடம், பத்து வருடக் கிணற்று நீர்மட்ட அளவீடுகள் எங்கே இருக்கும் என்று கேட்டேன். பழைய மெனுவில் ஒரு திட்டப் பெயரைத் திறந்தார், திரும்பினார். இன்னொன்றைத் திறந்தார், திரும்பினார். மூன்றாவது முறை திரையிலிருந்து கையை எடுத்துவிட்டு, "எனக்குத் தரவுதான் வேண்டும், அதை எந்தத் திட்டத்தில் எடுத்தீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் புது மெனு பிறந்தது: ஆய்வுத் தலைப்புகள், தரவுகள், கட்டுரைகள், செய்திகள், ஆய்வாளர்கள், எங்களைப் பற்றி. திட்டங்கள் எல்லாம் தலைப்புகளுக்குக் கீழே போயின. முடிந்தவற்றை அழிக்கவில்லை, 'முடிந்தது' என்று ஒரு குறிப்போடு இருக்கின்றன. இந்த ஆறு பெயர்களில் ஒன்றைக்கூட இன்றுவரை மாற்ற வேண்டி வரவில்லை.

இந்த இரண்டு முறைகளும் காட்டாத ஒன்று உண்டு. இரண்டுமே, வருகிறவர் முகப்பு வழியாக உள்ளே நுழைவார் என்று வைத்துக்கொள்கின்றன. எங்கள் தளத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் தேடுபொறியிலிருந்து நேராக ஏதோ ஒரு கட்டுரைப் பக்கத்தில் வந்து இறங்குகிறார்கள். அவர்களுக்கு மெனுவைவிட, அந்தப் பக்கத்திலேயே இருக்கும் இணைப்புகள்தான் வழி: இந்தக் கட்டுரையின் தரவு எங்கே, எழுதியவர் யார், இதே தலைப்பில் வேறென்ன இருக்கிறது. இதற்கு நாங்கள் ஆரம்பத்தில் நேரமே ஒதுக்கவில்லை. ஒரு வருடம் கழித்து, ஒவ்வொரு பக்கமாகத் திறந்து கையால் சேர்த்தோம். இன்று தொடங்கினால் மெனுவுக்கு முன்பே இதைத்தான் வரைந்து பார்ப்பேன்.

கட்டுரைப் பட்டியலிலிருந்து வேண்டியதை மட்டும் பிரித்துக் காட்டும் வடிகட்டிகளிலும் தடுமாறினோம். ஒரு நூலை ஒரே தட்டில் அடைக்காமல் பல முகங்களிலிருந்து அணுகலாம் என்பதை 1933-இல் வெளிவந்த தன் கோலன் பகுப்பு என்ற நூல் வகைப்பாட்டு முறையில் நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் காட்டினார். அந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். அந்த உற்சாகத்தில் தலைப்பு, ஆண்டு, தரவு வகை, கருவி, பகுதி, மொழி என ஆறு வடிகட்டிகள் வைத்தோம். இருந்ததோ எண்பது சொச்சம் கட்டுரைகள். இரண்டைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்தாலே 'எதுவும் இல்லை' என்று வந்தது. இப்போது முதல் மூன்று மட்டும் இருக்கின்றன, அவையே போதுமாக இருக்கிறது.

என்னை அதிகம் வருத்தியது பக்க முகவரிகள். பழைய தளத்தில் முகவரிக்குள்ளேயே திட்டத்தின் பெயர் இருந்தது. புதிய அமைப்புக்கு மாறிய மாதம், ஓர் ஆய்வாளர் மின்னஞ்சல் அனுப்பினார்: அச்சில் வந்துவிட்ட தன் கட்டுரையில் எங்கள் தரவுப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்திருக்கிறார், அது திறக்கவில்லை. அச்சானதை அவர் எப்படித் திருத்துவார்? அன்றிரவு உட்கார்ந்து ஒரு ஸ்ப்ரெட்ஷீட் தொடங்கினேன். ஒரு பத்தியில் பழைய முகவரி, அடுத்ததில் புதியது, மூன்றாவதில் 301 திருப்பிவிடல் போட்டாயிற்றா என்ற குறிப்பு. 301 என்பது, பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று உலாவிக்கும் தேடுபொறிக்கும் சொல்லும் குறியீடு. முகவரியில் எழுதியவர் பெயர், தலைப்பு, கோப்பு வகை போன்ற மாறக்கூடிய எதையும் வைக்காதீர்கள் என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ 1998-இலேயே எழுதியிருந்தார். முன்னமே படித்து அதன்படி செய்திருக்க வேண்டும். இப்போது தரவுத் தொகுப்புகளுக்கு டிஓஐ என்ற நிலையான அடையாள எண் வாங்கிவிடுகிறோம். தளம் எங்கே போனாலும் அந்த எண்ணுக்குரிய முகவரியைப் புதுப்பித்தால் போதும். ஆய்வாளர்களின் பக்கங்களில், ஒவ்வொருவரையும் தனித்து அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண் இருக்கிறது. ஒரே பெயரில் இருவர் இருக்கும் குழுவில் அது பெரிய நிம்மதி.

மொழி மாற்றும் பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை. இருமொழித் தளம் என்றால் அது அதே பக்கத்தின் மறுமொழி வடிவத்துக்குப் போக வேண்டும். முகப்புக்குத் தூக்கி எறியக் கூடாது.

புதுத் திட்டம் தொடங்கும் ஒவ்வொருவரும் மெனுவில் இடம் கேட்கிறார்கள். அவர்களுடைய ஆவல் எனக்குப் புரிகிறது, அதனால் முகப்பில் ஆறு மாதம் இடம் தருகிறேன், மெனுவில் தருவதில்லை.

வருடத்துக்கு ஒருமுறை, அதே பத்துக் கேள்விகளை வைத்து ட்ரீ டெஸ்டிங் செய்கிறேன். இந்த வருடம் ஒன்பது கேள்விகளுக்குப் பெரும்பாலோர் சரியாகப் போய்ச் சேர்ந்தார்கள். 'இந்தத் தரவைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் யாரிடம் கேட்பது?' என்ற கேள்விக்குப் பாதிப் பேர் 'ஆய்வாளர்கள்' போனார்கள், மீதிப் பேர் 'எங்களைப் பற்றி' போனார்கள். விடை இரண்டிலும் இல்லை. அதனால் ஒவ்வொரு தரவுப் பக்கத்தின் அடியிலும் பொறுப்பாளரின் பெயரைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் பதினேழு பக்கங்கள் பாக்கி.