வெறும் ஃபிலிம் கையில் வந்தால் முதலில் ஓரத்தைப் பாருங்கள்

கோவையில் ஒரு கலர் லேபில் என்னுடைய 3 ரோல் கருப்பு வெள்ளை ஃபிலிமைக் கெடுத்தார்கள். பழியை என் கேமரா மேல் போட்டார்கள். அந்தக் கேமராவைச் சரிசெய்து தருவதாகச் சொல்லி இன்னொரு 4,500 ரூபாயும் வாங்கிக்கொண்டார்கள். வீட்டுப் பரணில் கிடந்த பழைய கேமராவை எடுத்து ஃபிலிம் போட்டுப் பார்க்கிற பிள்ளைகள் இப்போது ஈரோடு, திருப்பூர், சேலம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். கடையின் பெயரை எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது தனியாக நடக்கிறது.

பவானியில் அப்பா வைத்திருந்த ஸ்டுடியோவை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். பாஸ்போர்ட் படம், காதுகுத்து, கல்யாணம் எல்லாமே டிஜிட்டல்தான். அப்பாவுடைய யாஷிகா மேட் மட்டும் கண்ணாடி அலமாரியில் இருந்தது. மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ். மேல் லென்ஸ் நாம் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் விழுவதற்கு. 120 ரோல் போட்டால் 12 சதுரப் படம் வரும். நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, குனிந்து பார்த்துத்தான் எடுக்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு நம் முகத்தை மறைக்கிற மாதிரி எதுவும் இல்லை, அதனால் அவர் விறைப்பில்லாமல் உட்காருகிறார். வயசானவர்களை எடுக்க இதைவிட நல்ல கேமரா எனக்குத் தெரியாது.

எங்கள் தெருவில் ஜமக்காளத் தறியில் காலம் பூராவும் உட்கார்ந்தவர்கள் 9 பேரை ஸ்டுடியோவுக்குக் கூட்டி வந்து படம் எடுப்பது என்று பங்குனியில் முடிவு செய்தேன். ஆளுக்கு 4 படம், மொத்தம் 36, சரியாக 3 ரோல். ஃபிலிம் இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ். பின்னால் திரை கட்டாமல் அவர்கள் நெய்த ஜமக்காளத்தையே தொங்கவிட்டேன். முதலில் சிவப்பும் பச்சையும் மாறி மாறி வருவதைத்தான் எடுத்து வைத்திருந்தேன். கருப்பு வெள்ளையில் அந்த இரண்டு நிறமும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகிவிடும், பட்டையே தெரியாது. அதனால் வெள்ளையும் கருநீலமும் உள்ளதைத் தேடி வாங்கினேன். இடது பக்கம் குடை வைத்த ஒரு ஃபிளாஷ், வலது பக்கம் நிழலைக் குறைக்க ஒரு தெர்மோகோல் பலகை. மீட்டர் வைத்து அளந்து, லென்ஸ் துளையை f/8-இல் வைத்து எடுத்தேன்.

அவர்களில் மூத்தவரை நாங்கள் எல்லோரும் அப்புச்சி என்றுதான் கூப்பிடுவோம். கண்ணில் ஆபரேஷன் ஆனவர், ஃபிளாஷ் அடித்தால் கூசுகிறது என்றார். அவரை மட்டும் ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, கேமராவை ஸ்டாண்டில் பூட்டி, 1/15 விநாடியில் எடுத்தேன். இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நூல் அறுத்து அறுத்துத் தழும்பேறிய விரல்கள். அந்த 4 படத்துக்காகத்தான் மற்ற 32-ஐயும் எடுத்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

எனக்கு அப்போது ஃபிலிம் கழுவத் தெரியாது. நான் பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே அப்பா டார்க் ரூமை மூடிவிட்டார். விசாரித்ததில் இந்த லேபைச் சொன்னார்கள். லட்சுமி நகரில் பஸ் ஏறி நேரில் போனேன். "கருப்பு வெள்ளை கழுவுவீங்களாங்க?" என்று கேட்டதற்கு, "கைல கழுவித் தர்றோமுங்க, ரோல் 350" என்றார் முதலாளி. 1,050 ரூபாய் கட்டினேன். ரசீதில் "120 – 3" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். அதில் கருப்பு வெள்ளை என்று எழுதச் சொல்லி வாங்கியிருக்க வேண்டும். எழுதாதது பின்னால் எனக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது.

பத்து நாள் கழித்துப் போனால் மூன்று ரோலும் கண்ணாடித் தாள் மாதிரி இருந்தன. ஒரு கோடு, ஒரு புள்ளி கிடையாது.

"ஏனுங்க தம்பி, இந்தக் கேமரா எத்தனை வருஷத்துதுங்க? ஃபிலிம்ல வெளிச்சமே படலீங்களே. ஃபிளாஷ் லீவரை எம்-ல வெச்சிருப்பீங்க" என்றார்.

அந்தப் பேச்சில் பாதி உண்மை இருந்ததுதான் என்னைக் குழப்பியது. பழைய கேமராக்களில் ஃபிளாஷுக்கு எம், எக்ஸ் என்று இரண்டு நிலை உண்டு. எம் என்பது ஒரு தடவை எரிந்து தீர்ந்துபோகும் அந்தக் காலத்து ஃபிளாஷ் பல்புக்கு. பல்பு முழு வெளிச்சத்துக்கு வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும் என்பதால், அதைப் பற்றவைத்துவிட்டு அப்புறம்தான் ஷட்டர் திறக்கும். இப்போதைய எலக்ட்ரானிக் ஃபிளாஷை எம்-இல் வைத்து அடித்தால், ஷட்டர் திறக்கும் முன்பே வெளிச்சம் வந்து போய்விடும். படம் விழாது. நான் எக்ஸ்-இல் வைத்த ஞாபகம் நன்றாக இருந்தது. இருந்தாலும் 36 படம் போன அதிர்ச்சியில் என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த 4 படம் இருக்கிறதே, அதில் ஃபிளாஷே இல்லையே" என்று கேட்டேன். உடனே பேச்சை மாற்றினார். அப்படியானால் ஷட்டரே திறக்கவில்லை, அவர்களிடமே ஆள் இருக்கிறது, கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். எப்படிக் கழுவினீர்கள் என்றும் கேட்டேன். "அதெல்லாம் கரெக்டா 38 டிகிரி, 3 நிமிஷம் 15 செகண்டுங்க. எங்ககிட்ட தப்பே வராது" என்றார். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

கேமராவைக் கொடுத்தேன். வைகாசியில் 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஷட்டரைச் சரிசெய்துவிட்டதாகத் திருப்பித் தந்தார்கள். முன்பக்கத் திருகுகளின் தலை நசுங்கியிருந்தது. அப்பா ஒரு கீறல் படாமல் வைத்திருந்த கேமரா அது. இன்னொரு ரோல் எடுத்து, 350 ரூபாயோடு அதே லேபில் கொடுத்தேன். அதுவும் வெறுமையாக வந்தது. இந்தத் தடவை ஃபிலிம் போலி என்றார்கள்.

ஆடியில் அப்புச்சி தவறிவிட்டார். மாலை போட்டு வைக்க வீட்டில் அவருடைய நல்ல படம் ஒன்றுகூட இல்லை. அவருடைய மகள் என்னிடம் வந்து, "கண்ணு, நீ எடுத்தியே, அது வந்துருச்சா?" என்று கேட்டார். என்ன சொல்வது? ஆதார் அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கி, சுத்தம் செய்து, சட்டம் போட்டுக் கொடுத்தேன். அந்தப் படத்தில் அவர் கை இல்லை.

ஆவணியில் கோபியில் இருக்கும் ஒரு மாமாவைப் பார்க்கப் போனேன். அப்பாவோடு டார்க் ரூமில் வேலை பார்த்தவர். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளை ஃபிலிம் செய்த காலத்தில் நூற்றுக்கணக்கான ரோல் கழுவிய கை. வெறும் ஃபிலிமை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"ஓரத்தப் பாத்தியா கண்ணு? எழுத்தே இல்லையே. இது கேமராத் தப்பு இல்ல, கழுவுன தப்பு."

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். ஃபிலிமின் ஓரத்தில் அதன் பெயரும் படத்தின் எண்ணும் இருக்கும். அதை மையால் அச்சடிப்பதில்லை. தயாரிக்கும் இடத்திலேயே வெளிச்சத்தால் பதித்துவிடுகிறார்கள். கழுவும்போதுதான் அது கருப்பாக வெளியே வரும். நம் கேமராவுக்கும் அந்த எழுத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஷட்டர் திறக்காமல் போயிருந்தாலும், எம்-இல் வைத்து ஃபிளாஷ் அடித்திருந்தாலும், லென்ஸ் மூடியை எடுக்கவே மறந்திருந்தாலும், ஒழுங்காகக் கழுவியிருந்தால் படம் இருக்க வேண்டிய இடம்தான் வெறுமையாக இருக்கும், ஓரத்து எழுத்து பளிச்சென்று இருக்கும். எழுத்தும் சேர்ந்து காணாமல் போயிருந்தால் கழுவிய இடத்தில்தான் கோளாறு. படத்தை வெளியே கொண்டுவரும் மருந்தான டெவலப்பர் செத்துப் போயிருக்கும், அல்லது டெவலப்பருக்கு முன்னால், படத்தை நிலைக்க வைக்கும் மருந்தான ஹைப்போவை ஊற்றியிருப்பார்கள், அல்லது என்னுடையதுக்கு நடந்தது நடந்திருக்கும். ஓரம் உட்பட முழுக்கக் கருப்பாக வந்தால் எங்கோ வெளிச்சம் புகுந்திருக்கிறது, அது வேறு கதை.

என்னுடையதுக்கு என்ன நடந்தது என்பதை, நான் அந்த 38 டிகிரியைச் சொன்னதுமே மாமா கண்டுபிடித்துவிட்டார். அது கலர் நெகட்டிவைக் கழுவும் சி-41 என்ற முறையின் கணக்கு. கருப்பு வெள்ளையை வழக்கமாக 20 டிகிரியில் கழுவுவார்கள். எச்பி5-ஐ டி-76 என்ற டெவலப்பரில் தண்ணீர் கலக்காமல் போட்டால் 7.5 நிமிஷம். கலர் ஃபிலிமில் படமாகக் கடைசியில் நிற்பது சாயம்தான். சாயம் உருவானதும் வெள்ளியை வெளியேற்றிவிட வேண்டும், அதற்காகவே சி-41-இல் பிளீச்சும் ஃபிக்ஸரும் இருக்கின்றன. எச்பி5 மாதிரியான கருப்பு வெள்ளையில் சாயம் கிடையாது, வெள்ளிதான் படமே. அதை அந்த மெஷினில் விட்டால் டெவலப்பரில் படம் வரும், அடுத்த தொட்டியில் அழிந்துவிடும். அப்புச்சியின் கை அந்தத் தொட்டி வரைக்கும் வந்திருக்கிறது. அதை நினைக்கும்போதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

சி-41-இலேயே கழுவுகிற மாதிரி இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 என்று ஒரு கருப்பு வெள்ளை ஃபிலிம் இருக்கிறது. அதன் டப்பாவிலேயே சி-41 என்று போட்டிருக்கும். என் டப்பாவில் அப்படி இல்லை.

அன்றைக்கே அங்கேயே ஒரு ரோல் எடுத்தேன், மாமாவே கழுவினார். 12 படமும் வந்தன, ஓரத்தில் எழுத்தும் வந்தது. ஆனால் கண்ணுக்கு ஃபோகஸ் வைத்த படங்களில் காதுதான் கூர்மையாக இருந்தது. ரிப்பேர் என்று சொல்லி லென்ஸைக் கழற்றி மாட்டியதில் மேல் லென்ஸும் கீழ் லென்ஸும் ஒத்துப்போகாமல் விட்டிருக்கிறார்கள். நன்றாக இருந்த கேமராவைக் கெடுத்ததற்கு நான் காசு கொடுத்திருக்கிறேன். மாமா பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடுகிற இடத்தில் மங்கல் கண்ணாடி ஒன்றை வைத்து, ஷட்டரைத் திறந்தே நிறுத்தி, இரண்டிலும் ஒரே தூரம் கூர்மையாகத் தெரியும்வரை மேல் லென்ஸைத் திருகித் திருகிச் சரிசெய்தார். ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஷட்டர் நன்றாக இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்பதையும் அவர்தான் காட்டினார். ஃபிலிம் போடாமல் பின்கதவைத் திறந்து, லென்ஸ் துளையை முழுக்கத் திறந்து, ஃபிளாஷை இணைத்து வெள்ளைச் சுவரைப் பார்த்து அடிக்க வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் லென்ஸுக்குள் முழு வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். தெரிந்தால் ஷட்டரும் திறக்கிறது, ஃபிளாஷும் ஒத்துப்போகிறது. எம்-இல் வைத்து அடித்துப் பாருங்கள், துளை இருட்டாகவே இருக்கும். இந்த இரண்டு நிமிஷச் சோதனை பங்குனியிலேயே தெரிந்திருந்தால் 4,500 ரூபாய் போயிருக்காது.

மறுபடி கோவை போனேன். ஓரத்தைக் காட்டினேன், 38 டிகிரியைக் கேட்டேன். கருப்பு வெள்ளை மருந்து தீர்ந்துவிட்டது, புதுசு வரத் தாமதம், மெஷினில் விட்டாலும் வரும் என்று பையன் விட்டுவிட்டான் என்றார். அந்தப் பையன் பக்கத்திலேயே தலை குனிந்து நின்றான். அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. மருந்து இல்லை என்று தெரிந்தும், கையால் கழுவுவதாகச் சொல்லிக் காசு வாங்கியது முதலாளிதான். 4 ரோலுக்கான 1,400 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். கேமரா ரிப்பேர்க் காசைத் தர முடியாது என்றார். படம் போனதற்கு ஃபிலிம் விலைக்கு மேல் பொறுப்பில்லை என்று ரசீதின் பின்னால் அச்சடித்திருப்பதைக் காட்டினார்.

அந்த வரியைப் பார்த்து நானும் பேசாமல் வந்திருப்பேன். தெரிந்த வக்கீல் ஒருவர்தான், அப்படி அச்சடித்துவிட்டதாலேயே சேவைக் குறைபாட்டை யாரும் கேட்க முடியாது என்று ஆகிவிடாது என்றார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், கோவைக்கு அலைய வேண்டியதில்லை. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் இருந்தால் கட்டணம் கிடையாது. 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன், அப்புறம் ஈரோட்டில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். வெறும் ஃபிலிம் நான்கும் பத்திரமாக இருக்கின்றன. கோபத்தில் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

கருப்பு வெள்ளை கொடுக்கப் போகிறவர்கள், எந்த டெவலப்பர், எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். 38 என்ற எண்ணைக் கேட்டால் ஃபிலிமை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஃபிலிமின் பெயர், கருப்பு வெள்ளை என்பது இரண்டையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். முக்கியமான ஆட்களை எடுத்திருந்தால் எல்லா ரோலையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். முதலில் தெருவையோ மாட்டையோ எடுத்த ஒரு ரோலைக் கொடுத்து, ஓரத்தில் எழுத்து வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள்.

இப்போது நானே கழுவுகிறேன். எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் வெயில் காலத்தில் 30 டிகிரிக்கு மேல் இருக்கும். பேசினில் ஐஸ் போட்டு அதில் மருந்துப் பாட்டிலை வைத்து 20-க்குக் கொண்டு வருகிறேன். மீதி 8 பேரையும் மறுபடி கூப்பிட்டு எடுத்தேன், எல்லாம் நன்றாக வந்திருக்கின்றன. பவானி, குமாரபாளையம் பக்கம் யாருக்காவது ஃபிலிம் கழுவக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்டுடியோவுக்கு வாங்க. காசெல்லாம் வேண்டாம், ஐஸ் மட்டும் ஒரு பை வாங்கிக்கொண்டு வந்தால் போதும்.