யாழ்ப்பாண மலேரியா தடை இயக்கம், எங்கட வீட்டு அனுபவம்

5க்கு 5 குடுக்கிறன். காசு ஒரு சதமும் வாங்கேல்லை எண்டதுக்காக இல்லை, வேலை செய்த விதத்துக்கு.

மச்சான் இந்தியாவில நிண்டுட்டு வந்தவர், வந்து கொஞ்சக் காலத்தால நல்ல காய்ச்சல். முதல் காட்டின தனியார் இடத்தில எங்க போய் வந்தனீங்கள் எண்டு ஒரு வார்த்தை கேக்கேல்லை, பிளேட்லெட் குறைஞ்சிருக்கு டெங்குவா இருக்கும் எண்டு பனடோலோட அனுப்பிட்டினம். மலேரியாவிலயும்தான் பிளேட்லெட் விழும், பயணத்தைக் கேட்டிருந்தா அண்டைக்கே பிடிச்சிருக்கலாம், அந்தக் கோவம் எனக்கு இன்னும் இருக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் நடுங்கிறதைப் பாத்திட்டு அம்மாதான் "இது குலைப்பனடா" எண்டவ, மலேரியாவைத்தான் அப்பிடிச் சொல்லுறது, வன்னியில இருந்த காலம் அவவுக்கும் வந்தது.

பிறகுதான் மலேரியா தடை இயக்கத்துக்குப் போனது. விரல்ல குத்தி கண்ணாடித் தட்டில ஒரு சொட்டைத் தடிப்பாயும் இன்னொண்டை மெல்லிசா இழுத்தும் வைச்சு, சாயம் போட்டு மைக்கிறஸ்கோப்பில பாத்து வைவாக்ஸ் எண்ட வகை மலேரியா எண்டு சொல்லிச்சினம். ஆஸ்பத்திரியில வைச்சு குளோரோகுயின் 3 நாள், ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கிற ஒரு நொதியம்) டெஸ்ட் பாத்திட்டு பிரைமாகுயின் 14 நாள்.

டொக்டர் இருத்தி வைச்சு வடிவா விளங்கப்படுத்தினவர். கிருமி சிவப்பணுவுக்குள்ள பெருகி 48 மணித்தியாலத்துக்கு ஒருக்கா உடைச்சுக்கொண்டு வெளிய வருமாம், அப்ப சிந்துற கழிவைக் கண்டு எங்கட வெள்ளையணுக்கள் விடுற சைட்டோகைன் எண்ட சமிக்ஞைப் புரதங்கள்தான் உடம்பைக் கொதிக்க வைக்கிறது. பழுதான அணுக்களை மண்ணீரல் வடிச்சு எடுக்கும், அந்த வேலை கூடினபடியா அது வீங்கி மச்சானுக்கு இடப்பக்க விலாவுக்குக் கீழ நொந்தது. குளோரோகுயின் ரத்தத்தில இருக்கிறதைக் கொல்ல காய்ச்சல் நிண்டுடும், ஆனா ஈரலுக்குள்ள கொஞ்சக் கிருமி நித்திரையா கிடக்கும், அதை நோய் எதிர்ப்புச் சக்தியும் கண்டுபிடிக்காது குளோரோகுயினும் தொடாது, மாசக்கணக்கால எழும்பித் திரும்பக் காய்ச்சலாக்கும். அதுக்குத்தான் பிரைமாகுயின். ஜி6பிடி குறைவான ஆக்களுக்கு அந்தக் குளிசை சிவப்பணுவையே உடைச்சுப்போடும், அதுதான் முதல் டெஸ்ட். காய்ச்சல் விட்டிட்டுது எண்டு குளிசையை இடையில விடாதேங்கோ!

மச்சான் சுகமாகி வேலைக்குப் போனாப் பிறகும் கோல் எடுத்து வரச்சொல்லி ரத்தம் பாத்தவை. வீட்டுக்கும் வந்து எங்கள் எல்லாற்ற விரல்லயும் குத்தி, அயலட்டைக்கும் போய், கிணத்துக்குள்ள டோர்ச் அடிச்சு நுளம்புக் குடம்பி இருக்கோ எண்டு கோலிப் பாத்து மீன்குஞ்சும் விட்டிட்டுப் போனவை. 2012க்குப் பிறகு இலங்கையில உள்ளூர் மலேரியா இல்லை, 2016இல உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் தந்தது, ஆனா அதே வருசக் கடைசியில மன்னாரில பிடிபட்ட, மலேரியா பரப்புற ஸ்டீபன்சி நுளம்பு இப்ப யாழ்ப்பாணத்திலயும் இருக்கு, கிணத்திலயும் தொட்டியிலயும் பெருகும். மலேரியாவுக்கான எதிர்ப்புச் சக்தி, நோய் திரும்பத் திரும்பத் தொத்தினாத்தான் ஓரளவுக்காவது நிக்கும், இல்லாட்டிக் குறைஞ்சு போயிடும், அம்மாவுக்கே இப்ப அது இருக்கிறது சந்தேகம், பிள்ளையளுக்கு எங்கால?

ஆபிரிக்காப் பக்கம் போற ஆக்களுக்குத் தடுப்புக் குளிசையும் சும்மா குடுக்கினம், போக முதல் கேட்டு எடுங்கோ. பலாலியால இந்தியா போய் வந்து காய்ச்சல் எண்டா டொக்டர் கேக்காட்டியும் நீங்களே சொல்லுங்கோ.