செக்குக் கடையின் இணையதள வாசகம்: எழுதி வாங்குவதா, நாமே எழுதுவதா?

காங்கேயம் பக்கத்தில் நான் நடத்தும் மரச்செக்கு எண்ணெய்க் கடையின் இணையதளத்துக்கு இரண்டு முறை வாசகம் எழுதப்பட்டது. முதல் முறை, தளத்தை வடிவமைத்த நிறுவனமே வாசகங்களையும் எழுதித் தந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அவற்றை முழுவதுமாக நீக்கிவிட்டு, நானும் என் தங்கையும் எல்லாப் பக்கங்களையும் புதிதாக எழுதினோம். இரண்டு வழிகளிலும் சென்று பார்த்தவன் என்ற முறையில், எங்களைப் போன்ற சிறு கடைக்காரர்களுக்கு இரண்டாவது வழியே ஏற்றது என்று உறுதியாகக் கருதுகிறேன்.

எழுதி வாங்கினால் பணமும், நாமே எழுதினால் நாள்களும் செலவாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. எங்களுக்கு மூன்று வார மாலைப் பொழுதுகள் தேவைப்பட்டன. நிறுவனத்தின் எழுத்தில் பிழை இல்லை, நடையும் சீராக இருந்தது. எங்கள் முதல் வரைவில் இரண்டுமே குறைவு.

ஆனால் அந்தச் சீரான நடை எங்கள் கடையைப் பற்றி எதையும் சொல்லவில்லை. முகப்பில் இருந்த "பாரம்பரியமும் தரமும் கைகோக்கும் இடம்" என்ற வரியைப் பட்டுப்புடவைக் கடைக்கும் வைக்கலாம், மிட்டாய்க் கடைக்கும் வைக்கலாம். அந்த இடத்தில் இப்போது, வாகை மரச் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் அரை லிட்டர் முதல் 15 லிட்டர் டின் வரை கிடைக்கும் என்று மட்டும் எழுதியிருக்கிறோம்.

நாமே எழுதும்போது எதை எழுதுவது என்ற தயக்கம் வரும். எங்களுக்கு வழிகாட்டியது கடைத் தொலைபேசிதான். மார்கழியில் ஊட்டியிலிருந்து அழைப்பவர், தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிட்டதே, மெழுகு கலந்திருக்கிறதா என்று கேட்பார். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையத் தொடங்குவது இயல்பு. ஒரு லிட்டர் கடலை எண்ணெயைத் தராசில் வைத்து, ஒரு கிலோ இல்லையே என்று வருந்துபவருக்கு, எண்ணெய் நீரைவிட லேசானது, லிட்டருக்கு ஏறத்தாழ 910 கிராம்தான் இருக்கும் என்று சொல்ல வேண்டும். அடியில் தங்கும் மண்டியைப் பற்றியும், லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு போவதால் விலை கூடுதலாக இருப்பதைப் பற்றியும் அன்றாடம் யாராவது கேட்கிறார்கள். தொலைபேசியில் நாங்கள் சொல்லிவந்த விடைகளையே பக்கங்களாக ஆக்கினோம். அந்தத் தொலைபேசிக்கு அருகில் உட்காராத ஒருவருக்கு இவை தெரிய வழியில்லை. அது அவர்களின் குற்றமும் அன்று.

எல்லாவற்றையும்விட என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. எண்ணெய்க் கடையில் விலை ஓரிடத்தில் நிற்காது. 2025ஆம் ஆண்டில் கொப்பரை விலை ஏறிக்கொண்டே போனபோது, எங்கள் தளத்தில் விலைகள் அழகான படங்களுக்குள் எழுத்தாகப் பதிக்கப்பட்டிருந்தன. ஓர் இலக்கத்தை மாற்றவும் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிச் சில நாள்கள் காத்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு அதே விலை நான்கு பக்கங்களில் இருந்ததால், மூன்றில் மாற்றி ஒன்றில் விட்டுவிட்டார்கள். பழைய விலையைப் பார்த்துக் கேட்டவர்களுக்குப் பழைய விலைக்கே கொடுத்தோம், ஏனென்றால் எழுதி வைத்த சொல் எங்களுடையது.

நாங்கள் எழுதத் தொடங்கியபோது, இந்த வரியை ஓராண்டு கழித்துத் திருத்த வேண்டியிருக்குமா என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் கேட்டுப் பார்த்தோம். மாறக்கூடிய செய்தி எதுவும் ஓரிடத்துக்கு மேல் வரக் கூடாது என்று முடிவு செய்து, விலைக்கு ஒரே பக்கம் ஒதுக்கி, அதன் தலையில் விலை மாற்றிய நாளைப் போட்டோம். இத்தனை ஆண்டுகளாக என்று எழுதினால் அடுத்த ஆண்டே அது பொய்யாகிவிடும். தொடங்கிய ஆண்டை எழுதினால் என்றும் சரியாக இருக்கும். "விரைவில்", "புதிய அறிமுகம்" போன்ற சொற்களை அறவே தவிர்த்தோம். இப்போது கொப்பரை வாங்கி வந்த அன்றே, கைப்பேசியிலிருந்து இரண்டு நிமிடத்தில் தங்கை விலையை மாற்றிவிடுகிறாள்.

வாசகத்துக்குப் பொறுப்பும் நம்முடையதுதான். நிறுவனம் எழுதித் தந்த பக்கத்தில் எங்கள் எண்ணெய் இதய நோயைத் தடுக்கும் என்றொரு வரி இருந்தது. உணவுப் பொருள் நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் அனுமதிப்பதில்லை. அந்த வரியை நான் படித்தும் கவனிக்காமல் விட்டிருந்தேன். நம் கையால் எழுதியிருந்தால் அது வந்திருக்காது என்றே நம்புகிறேன். அதன் இடத்தில் எங்கள் 14 இலக்க உரிம எண் இருக்கிறது.

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் எழுதக் கொடுப்பதை மூன்றாவது வழியாகச் சொல்வார்கள். ஒரே ஒரு பக்கத்துக்குத்தான் முயன்றேன், ஆகவே என் கருத்துக்கு அதிக எடை தர வேண்டாம். பிழை திருத்தம் நன்றாகவே செய்தது. ஆனால் நாங்கள் சொல்லாத "மூன்று தலைமுறை அனுபவம்" அதில் வந்து சேர்ந்திருந்தது. எங்கள் குடும்பத்தில் செக்கு வைத்த முதல் ஆள் நான்.

வெளிமாநில வாடிக்கையாளர்களுக்கான ஆங்கிலப் பக்கத்தை நாங்களே எழுதி ஆறு மாதம்தான் ஆகிறது. அது போதுமானதா என்று சொல்ல இன்னும் காலம் வேண்டும். கட்டட வரைபடம் போடுபவரைப் போல விலைப்பட்டியலே தேவைப்படாத தொழிலில், எழுதி வாங்கிய வாசகம் பல ஆண்டுகள் அப்படியே நிற்கக்கூடும். அங்கே என் வாதத்தின் வலு குறையும்.

படம் எடுப்பதும், தேடுபொறியில் தெரியும் பக்கத் தலைப்புகளைச் சுருக்கமாக அமைப்பதும் எங்களுக்குக் கைவராததால், இந்த முறையும் ஒரு வடிவமைப்பாளரை அமர்த்தினோம். டொமைன் எனப்படும் தள முகவரியும் நிர்வாகக் கடவுச்சொல்லும் கடையின் பெயரிலேயே இருக்க வேண்டும், எந்த எழுத்தும் படத்துக்குள் பதிக்கப்படக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளையும் எழுதிக் கையொப்பம் வாங்கிய பிறகே முன்பணம் கொடுத்தோம்.