கியர் பெட்டிக்கு ஜிஎல்-4 எண்ணெயா, ஜிஎல்-5 எண்ணெயா?

கோலாலம்பூர் உதிரிபாகக் கடையில் வெறுமனே '75டபிள்யூ-90' என்று எண்ணெயின் கெட்டித்தன்மை எண்ணை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். இரண்டு டப்பாவிலும் அதே எண் இருக்கும். உள்ளே கலந்திருக்கும் சேர்மானம் வேறு.

ஜிஎல்-5, டிஃபரன்ஷியலின் (இடவலச் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பகுதி) ஹைப்பாய்டு பற்களுக்கானது; இவை அழுத்தத்தோடு ஒன்றையொன்று உரசிச் சுழலும் பற்கள். அதில் பற்களைத் தேயாமல் காக்கும் கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் ஜிஎல்-4இல் இருப்பதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. கியர் பெட்டியில் கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை வளையம் (சிங்க்ரோ) கியரின் கூம்பை உரசிப் பிடித்தால்தான் வேகம் ஒத்துப்போகும். எண்ணெய் அளவுக்கு மீறி வழுக்கினால் பிடி தளர்ந்து, கியர் மாற்றும்போது கரகரக்கும். கெந்திங் மலையேற்றத்தில் பெட்டி நன்றாகச் சூடேறினால், வீரியமான கந்தகம் பித்தளையையே அரிக்கவும் கூடும்.

மாஸ்டா எம்எக்ஸ்-5இன் பழைய ஐந்து கியர் பெட்டிக்குக் கையேடு இரண்டையுமே அனுமதிக்கிறது. ஆனாலும் எங்கள் தேர்வு ஜிஎல்-4தான். 2 லிட்டர் பிடிக்கும். டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5தான். அங்கே ஜிஎல்-4 ஊற்றினால் பல் தேயும்.

மாற்றும்போது, மேலே ஊற்றும் துளையின் போல்ட்டை முதலில் கழற்றிப் பாருங்கள். அது இறுகிக் கிடப்பது தெரியாமல் பழைய எண்ணெயை வடித்துவிட்டால் வண்டியை நகர்த்தவே முடியாது. வண்டி சமதளத்தில் நிற்கட்டும். துளை விளிம்பில் வழியத் தொடங்கும்வரை ஊற்றுங்கள்.