குலதெய்வமா, இஷ்டதெய்வமா, பிராது வாங்கும் சாமியா?

வீட்டில் ஒரு கஷ்டம் வந்தால் நம் ஆட்கள் மூன்று விதமாகப் பேசுவார்கள். "குலதெய்வத்துக்குப் போய் எத்தனை வருஷம் ஆச்சு?" என்பார் பெரியம்மா. "தினமும் முருகனுக்கு விளக்குப் போடு, எல்லாம் சரியாகும்" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. "இன்ன கோயிலில் போய் எழுதிக் கட்டிவிட்டு வா, மூன்று மாதத்தில் முடிவு தெரியும்" என்பார் கூட வேலை பார்ப்பவர். மூன்றுமே நம் மரபில் இருப்பவைதான். ஆனால் மூன்றிலும் சாமியோடு ஏற்படும் உறவு வேறு, அதன் கட்டுப்பாடு வேறு, தவறிப்போகும் இடமும் வேறு. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நமக்கு எதுவும் தேவைப்படாத நாளிலும் அந்தச் சாமிக்கு நாம் ஏதாவது செய்கிறோமா?

குலதெய்வம்

இங்கே உறவு பிறப்பிலேயே வந்துவிடுகிறது. மதுரை, தேனி, விருதுநகர் பக்கம் மாசி மாதச் சிவராத்திரி என்றால் குலதெய்வக் கோயில்; திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில். எந்த ஊரில் வேலை பார்த்தாலும் அன்றைக்குப் போய் நிற்க வேண்டும். பிள்ளைக்கு முதல் முடி அங்கேதான் இறக்குவார்கள், காது அங்கேதான் குத்துவார்கள், கல்யாணப் பத்திரிகையில் முதல் பத்திரிகை அங்கேதான் போகும். நல்லது நடந்தாலும் தெரியவேண்டியவர் அந்தச் சாமி. என் கேள்விக்கு நேரடியாக "ஆம்" என்று பதில் சொல்வது இந்த உறவுதான்.

இன்னொன்றும் உண்டு. குலதெய்வங்களில் பலர் ஒரு காலத்தில் மனிதர்களாக நடமாடியவர்கள். திருநெல்வேலி மாவட்டம் பாபநாசத்துக்கு மேலே மலைக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலில், பட்டவராயன் என்று கும்பிடப்படும் முத்துப்பட்டனுக்குச் சந்நிதி இருக்கிறது. பிராமண குடும்பத்தில் பிறந்த முத்துப்பட்டன், அருந்ததியர் வீட்டுப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, மாமனார் வீட்டுச் செருப்புத் தைக்கும் தொழிலைத் தன் தொழிலாக ஏற்றுக்கொண்டு, மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டு உயிரை விட்டவர். இன்றும் அவருக்குக் காணிக்கை செருப்புதான். கதை தெரியாதவருக்கு அது விநோதமாக இருக்கும். தெரிந்தவர் அந்தச் செருப்பைக் கையில் பிடித்திருக்கும்போதே யாருக்குக் கொடுக்கிறோம் என்று உணர்ந்திருப்பார். சிறுவயதில் இறந்துபோன பெண்ணைக் கன்னித்தெய்வமாக வைத்து, ஓலைப்பெட்டியில் புதுத்துணி எடுத்து வைத்துக் கும்பிடும் வீடுகளும் அப்படித்தான். அந்த வீட்டில் அவள் இன்னும் ஒரு மகள்.

அதனால் குலதெய்வத்துக்கு மரியாதை என்பது முதலில் அவர் கதையைத் தெரிந்துகொள்வது. அடுத்து, அவருடைய முறையை நம் வசதிக்கு மாற்றாமல் இருப்பது. மதுரை மேலமடை பாண்டி கோயிலில் பாண்டி முனீஸ்வரருக்குச் சர்க்கரைப் பொங்கல்; அதே வளாகத்தில் சமயக் கருப்பருக்குக் கிடா வெட்டு, சுருட்டு, சாராயம். ஒருவருக்கு உரியதை இன்னொருவருக்கு வைப்பதில்லை. 2003-இல் அரசு 1950-ஆம் ஆண்டின் பலித் தடைச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தபோது கிராமங்களில் அவ்வளவு கொதிப்பு கிளம்பியதற்கு இதுதான் காரணம். அடுத்த வருஷமே அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. உயிர்ப்பலி பிடிக்காதவர் ஒதுங்கி நிற்கலாம், தன் பங்குக்குப் பொங்கல் வைக்கலாம். ஊர் கூடி முடிவெடுக்காமல் ஒருவர் மட்டும் சாமியின் படையலை மாற்றுவது சரியில்லை என்பது என் கருத்து.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். இது தகப்பன் வழி உறவு. கல்யாணமாகிப் போன பெண்ணுக்கு ஒரே நாளில் சாமி மாறிவிடுகிறது. பிறந்ததிலிருந்து திருநீறு பூசிவிட்ட சாமியிடம் அவள் விருந்தாளியாகிவிடுகிறாள். பெண்கள் வரக்கூடாத கோயில்களும் உண்டு. சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்களைக் கோயில் வரி கொடுக்கும் குடும்பங்களின் பட்டியலில் சேர்க்க மாட்டோம் என்று பங்காளிகள் மல்லுக்கு நிற்கும் இடங்களும் உண்டு. பட்டவராயனைக் கும்பிடும் மண்ணில் இப்படி நடப்பது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். இதில் சாமியின் மேல் எந்தக் குற்றமும் இல்லை, ஆனால் கதவு அடைபடுவது அவர் பெயரால்தான்.

மனசுக்குப் பிடித்த சாமி

இஷ்டதெய்வத்திடம் அந்தக் கதவுப் பிரச்சினை இல்லை. யார் வேண்டுமானாலும் யாரையும் வைத்துக்கொள்ளலாம், பங்காளி அனுமதி தேவையில்லை. உறவின் வகையைக்கூட நாமே தீர்மானிக்கலாம். சைவத்தில் இதற்கு நான்கு வழி வகுத்தே வைத்திருக்கிறார்கள்: தாச மார்க்கம், சற்புத்திர மார்க்கம், சக மார்க்கம், சன்மார்க்கம். அப்பர் அடிமையாக நின்றார், சம்பந்தர் பிள்ளையாக நின்றார், சுந்தரர் தோழராக நின்றார். மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதால் கண் போனபோது, சுந்தரர் திருவாரூருக்கு வந்து சிவனிடமே கோபமாகப் பாடினார். அந்தப் பாட்டைத் தேவாரத்தில் வைத்து இன்றும் ஓதுகிறோம். பெரியாழ்வார் இன்னொரு பக்கம். கடவுளுக்குக் கண் பட்டுவிடக் கூடாதே என்று அவரையே வாழ்த்தியவர். மரியாதை என்றால் கைகட்டி நிற்பது மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இவர்களைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நெருக்கத்தில் சண்டைக்கும் இடம் உண்டு. ஆனால் அந்தச் சண்டைக்கு முன்னால் எத்தனை ஊர், எத்தனை பாட்டு!

சாமியின் பக்கத்திலிருந்தும் செய்வது உண்டு. சமயபுரத்தில் மாரியம்மன் மாசி கடைசி ஞாயிறிலிருந்து 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். அந்த நாட்களில் வழக்கமாகச் சமைத்துப் படைக்கும் தளிகை கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் இவைதான். தன் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்று தாய் இருக்கும் விரதம் அது. அதைத் தெரிந்த பிறகு, நாம் இருக்கும் ஒரு வெள்ளிக்கிழமை விரதத்தைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளத் தோன்றாது.

இங்கே தவறு நடப்பது வேறு இடத்தில். பங்குனி உத்திரம் போல யாரும் நாள் குறித்துக் கொடுக்காததால் விடுவது சுலபம். ஒரு வருஷம் முருகன், அடுத்த வருஷம் சாயிபாபா, இப்போது வாராஹி என்று மாறிக்கொண்டே போகிறவர்களைப் பார்க்கிறோம். வாராஹி வழிபாட்டை நான் குறைத்துப் பேசவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் அவளுக்குச் சந்நிதி இருக்கிறது, ஆஷாட நவராத்திரி விமரிசையாக நடக்கிறது. ஆனால் வீடியோ பார்த்துவிட்டு அன்று ராத்திரியே படம் வாங்கி மாட்டிப் பூஜை தொடங்குவதைவிட, அந்தச் சந்நிதிக்குச் சில பஞ்சமி போய் நின்று, என்ன வைக்கிறார்கள், எப்படிக் கும்பிடுகிறார்கள் என்று பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. விளக்கு ஒன்று, பூ கொஞ்சம், தினமும் அதே நேரம். ஆறு மாதம் விடாமல் வந்தால் மற்றதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

காரியத்துக்காகப் போவது

விருத்தாசலம் பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் குறையை மனுவாக எழுதிப் பிராது கட்டுவார்கள். கொல்லங்குடி வெட்டுடையார் காளியிடம், அநியாயம் செய்தவரைத் தண்டிக்கச் சொல்லிக் காசு வெட்டிப் போடுவார்கள். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். போலீசும் கோர்ட்டும் கைவிட்டவர்களுக்கு, வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்களுக்கு, இது பெரிய ஆறுதல். இதைக் கேலி செய்கிறவர்கள் அநியாயத்தில் தனியாக நின்று பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் மூன்றில் மிகவும் யோசித்துச் செய்ய வேண்டியது இதுதான். காசு வெட்டும்போது எதிரில் இன்னொரு மனிதர் இருக்கிறார். நம் பக்கம் நியாயம் இருக்கிறதா என்று சாமியும் பார்க்கும் என்ற பயத்தோடுதான் பழைய ஆட்கள் அதைச் செய்தார்கள். கோபத்தில் உடனே கிளம்பிப் போக மாட்டார்கள். பிராது கட்டினால் காரியம் முடிந்ததும் திரும்ப வந்து வாபஸ் வாங்க வேண்டும். நேர்த்திக்கடனும் அப்படித்தான். உடனே முடியவில்லை என்றால் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடுவது நம் வீடுகளில் உள்ள நல்ல பழக்கம்: வாக்கு மறக்கவில்லை என்பதற்கு அது அடையாளம். வேண்டும்போது நம்மால் முடிந்ததை மட்டும் வேண்ட வேண்டும். பிள்ளைக்கு அலகு குத்துகிறேன், மருமகள் தீ மிதிப்பாள் என்று அடுத்தவர் உடம்பை வைத்து வேண்டுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பதில் எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏமாறும் இடம் பெரும்பாலும் அதுதான். காங்கேயம் சிவன்மலையில் பக்தர் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொன்னால் அது உத்தரவுப் பெட்டியில் வைக்கப்படும். ஆனால் கனவு கண்டதாகச் சொன்னால் மட்டும் போதாது. சாமி முன்னால் பூப்போட்டு உத்தரவு கேட்டு உறுதி செய்த பிறகுதான் வைப்பார்கள். கோயில் கொடைத் திருவிழாவில் சாமி வந்து ஆடுகிறவரிடமும் "வந்திருக்கது யாரு?" என்று ஊர் கேட்கும். அவரைச் சின்ன வயதிலிருந்து தெரிந்த ஊர் அது, அவரும் காப்புக் கட்டி விரதம் இருந்தவர். நம் மரபு ஒற்றைக் குரலை அப்படியே நம்பியதில்லை. எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து, செய்வினை இருக்கிறது, இத்தனை ஆயிரம் ஆகும் என்று சொல்கிறவரைக் கேள்வி கேட்க அந்த ஊர் இல்லை. அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். உடம்புக்கு முடியவில்லை என்றாலோ, ராத்திரி தூக்கமில்லாமல் யாரோ பேசுவது போலக் கேட்கிறது என்றாலோ, முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் கோயில்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? எனக்கு ஒன்றுதான் முடியும் என்றால் குலதெய்வத்துக்கு வருஷம் ஒருமுறை போவேன். தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்க முடிந்தால் அதோடு இஷ்டதெய்வத்துக்கு விளக்கு. காரியத்துக்கு என்று ஒரு கோயிலுக்குப் போவது, வேறு வழியே இல்லாதபோது மட்டும். கல்யாணமாகிப் போன பெண்கள் இரண்டு வீட்டுச் சாமிக்கும் போகலாம், தடுக்கிறவர்கள் மனிதர்கள்தான்.

குலதெய்வம் எது என்றே தெரியாதவர்கள் ராசியை வைத்துக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்பவர்களிடம் போக வேண்டாம். வீட்டில் மூத்த அத்தை, சித்தப்பா யாராவது இருந்தால் தாத்தாவுக்கு எங்கே முடி எடுத்தார்கள் என்று கேளுங்கள். பழைய நிலப் பத்திரத்தில் எந்த ஊர் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அந்த ஊர்ப் பூசாரியிடம் குடும்பப் பெயரையும் பட்டப்பெயரையும் சொல்லி விசாரியுங்கள். முன்னோர்கள் ஊர் விட்டு வரும்போது பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் (பிடிமண்) எடுத்து வந்து வைத்த கோயில் நீங்கள் இருக்கும் ஊரிலேயே இருக்கவும் கூடும். அதுவரை பெயர் தெரியாத அந்தச் சாமிக்கு வீட்டில் ஒரு விளக்கு ஏற்றிக் கும்பிட்டு வரலாம்.